தன்விளக்கக் கட்டுரையில் என்னைப் பற்றி எதை எழுதுவது?

மயிலிட்டி மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் 2024ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியற் பிரிவில் தமிழ் மொழி மூலம் தோற்றியவள். இரசாயனவியலில் ஏ சித்தியும், உயிரியலிலும் பௌதிகவியலிலும் பி சித்தியும் கிடைத்தன. ஆனால் நான் விரும்பிய பாடநெறிக்கு பெறுபேறுகளைத் தரப்படுத்திக் கணிக்கும் இசற் புள்ளி (Z-score) எனக்குப் போதவில்லை. இலண்டனில் வாழும் பெரியம்மா படிப்புச் செலவில் பெரும்பகுதியைப் பொறுப்பெடுக்க முன்வந்திருப்பதால், 2026 செப்ரெம்பரில் தொடங்கும் சுற்றாடல் விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கு பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் (UCAS) ஊடாக ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். பெறுபேற்றுத் தாள், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாம் ஆயத்தம். பேர்சனல் ஸ்ரேற்மென்ற் என்று அவர்கள் கேட்கும் தன்விளக்கக் கட்டுரையில்தான் மூன்று வாரங்களாக ஒரு வரியும் நகராமல் நிற்கிறேன்.

இங்கே இப்படியொரு கட்டுரையை யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசற் புள்ளியைப் பார்க்கிறது. விஞ்ஞானப் பாடநெறிகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கிடப்படுகின்றன. நான் ஏன் இந்தப் பாடத்தைப் படிக்க விரும்புகிறேன் என்று பதின்மூன்று வருடப் பள்ளிப் படிப்பில் எவரும் என்னிடம் கேட்டதில்லை. ஆகவே நானும் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது பேனாவை எடுத்தால், என்னை நானே புகழ்வது போன்ற கூச்சம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.

நகரில் உள்ள ஒரு கல்வி முகவர் நிலையத்தில் மாதிரி ஒன்று தந்தார்கள். "சிறு வயது முதலே சுற்றாடல் மீது எனக்கு அளவற்ற ஆர்வம் இருந்து வந்துள்ளது" என்று அது தொடங்குகிறது. பெயரை மாற்றி அனுப்பினால் போதும் என்றார்கள். பெரியம்மாவோ, 1990 ஆனியில் அம்மாவின் குடும்பம் எங்கள் மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்ததையும், 27 வருடங்களின் பின்னர் 2017இல் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டதையும் விரிவாக எழுதச் சொல்கிறார். வாசிப்பவர்களின் மனம் இளகும் என்பது அவருடைய எண்ணம். அந்தக் கதை உண்மைதான். ஆனால் இடம்பெயர்ந்த காலத்தில் நான் பிறந்திருக்கவேயில்லை. அம்மாவின் துயரத்தை என்னுடைய தகைமையாகக் காட்டுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

போட்டிகளில் பரிசு பெற்றவளும் அல்ல, மாணவ முதல்வராக இருந்தவளும் அல்ல. எங்கள் வீட்டுக் கிணற்றினதும் அயலில் உள்ள வேறு இரண்டு கிணறுகளினதும் உவர்ப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். அதுவும் பரீட்சை நெருங்கியதும் நின்றுவிட்டது. இதைத் தவிர என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.


சுன்னாகத்து வாசகி எழுதியது:

தங்கச்சி, நான் பிறந்து வளர்ந்தது சுன்னாகத்தில். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் புவி விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். எங்கள் துறைக்கு வரும் விண்ணப்பங்களை வாசிப்பதும் என் கடமைகளில் ஒன்று. உங்கள் கேள்வியில் எல்லாவற்றிலும் முக்கியமான வாக்கியத்தைக் கடைசியில், மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொப்பியைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன்னர், மாதிரியைத் தந்தவர்கள் உங்களுக்குச் சொல்லாத சில விபரங்களைச் சொல்லிவிடுகிறேன்.

2026ஆம் ஆண்டு நுழைவிலிருந்து யூகாஸ் பழைய முறையை மாற்றிவிட்டது. முன்னர் நீண்ட ஒரே கட்டுரை. இப்போது மூன்று கேள்விகள். இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்பது முதலாவது. நீங்கள் பெற்ற கல்வியும் தகைமைகளும் இதற்கு உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தின என்பது இரண்டாவது. கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும் என்பது மூன்றாவது. மூன்றுக்குமாக, இடைவெளிகள் உட்பட 4000 எழுத்துக்கள். ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துக்களாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இது ஏறத்தாழ 600 சொற்கள்தான். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மாதிரிகளிற் பல பழைய ஒற்றைக் கட்டுரை வடிவில் எழுதப்பட்டவை. உங்கள் கையில் இருப்பதும் அப்படித்தானா என்று பாருங்கள். ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விடைகளே போகின்றன என்பதால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதக்கூடாது.

மாதிரியைப் பெயர் மாற்றி அனுப்புவதைப் பற்றி: எல்லாக் கட்டுரைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் யூகாஸிடம் உண்டு. 2007ஆம் ஆண்டில் அவ்வாறு ஒப்பிட்டபோது, எட்டு வயதில் இரசாயனப் பரிசோதனை செய்யப்போய் இரவு உடுப்பில் ஓட்டை விழ எரித்துக்கொண்ட கதை 234 கட்டுரைகளில் இருந்தது. 234 பிள்ளைகளும் ஒரே வயதில் ஒரே உடுப்பை எரித்திருக்க முடியாது. இப்போது விண்ணப்பிக்கும்போது, இந்த எழுத்து வேறெங்கிருந்தும், செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் இருந்தும்கூடப் பெறப்பட்டதல்ல என்று உறுதிமொழி கொடுக்கவும் வேண்டும்.

அந்த உறுதிமொழியைப் பொருட்படுத்தாவிட்டாலும் மாதிரியால் உங்களுக்குப் பயன் இல்லை. "அளவற்ற ஆர்வம்" என்ற சொற்களை வாசிக்கும்போது என் மனதில் எதுவும் தோன்றுவதில்லை, ஏனெனில் அதே நாளில் அதே சொற்களை நாற்பது தடவை வாசித்திருப்பேன். புவி வெப்பமடைகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன என்று தொடங்கும் கட்டுரைகளும் அப்படியே. அவை எனக்குத் தெரிந்த செய்தியை எனக்கே திரும்பச் சொல்கின்றன. நான் தேடுவது ஒன்றைத்தான். இந்தப் பிள்ளை ஒரு விடயத்தைப் பார்த்து, ஏன் என்று கேட்டு, விடை கிடைக்காதபோதும் விட்டுவிடாமல் அடுத்த அடியை எடுத்து வைத்ததா? முதலாம் ஆண்டில் கணிதமும் களவேலையும் கடினமாகும்போது நிலைத்து நிற்பவர்கள் அப்படிப்பட்டவர்களே. பரிசுகளும் பதவிகளும் அதை எனக்குச் சொல்வதில்லை.

இனிக் கொப்பிக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதப்பதைத்தான் ஆண்டு முழுவதும் இறைத்துக் குடிக்கிறோம், தோட்டம் செய்கிறோம். புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதைச் சிறு வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். அது அந்த வில்லையின் வெட்டுமுகம். இப்படியான நிலத்தில் ஒரு மாணவி தன் எண்ணப்படி மூன்று கிணறுகளைத் தெரிந்தெடுத்து வாராவாரம் அளந்திருக்கிறாள் என்றால், நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன்.

ஆகவே சில கேள்விகள். எதைக்கொண்டு அளந்தீர்கள்? ஏன் மூன்று கிணறுகள், ஏன் குறிப்பாக அந்த மூன்று? தொடங்கும்போது என்ன எதிர்பார்த்தீர்கள்? எதிர்பாராத எண் ஏதாவது வந்ததா, வந்தபோது என்ன செய்தீர்கள்? இவற்றுக்கு இங்கேயே தமிழில் விடை எழுதுங்கள். கட்டுரை என்று நினைத்து எழுத வேண்டாம்.


இடம்பெயர்ந்த தாய் எழுதியது:

பெரியம்மா சொன்னதை இவ்வளவு இலகுவாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் வாடகை வீடுகளிலும் நலன்புரி நிலையங்களிலும் வளர்ந்தவர்கள். தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாமல், மின்வெட்டில் விளக்கு வெளிச்சத்தில் படித்து இரண்டு பி எடுத்த பிள்ளையை, எல்லா வசதியும் உள்ள பிள்ளையின் மூன்று ஏயுடன் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதி அல்ல. நடந்ததைச் சொல்லாவிட்டால் வாசிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அதைச் சொல்வதை இரக்கம் தேடுவதாக எண்ணி எங்கள் பிள்ளைகள் வெட்கப்படத் தேவையில்லை.


வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

அம்மாவின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு யூகாஸ் விண்ணப்பத்தில் வேறோர் இடம் இருக்கிறது. அதைப் பற்றி நமது பாடசாலைகளிற் பலருக்குத் தெரியாது. மாணவியின் எழுத்துடன் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் போக வேண்டும். அந்தப் பரிந்துரை 2024ஆம் ஆண்டு நுழைவிலிருந்து மூன்று பகுதிகளாக உள்ளது: பாடசாலையைப் பற்றிய பொது விபரம், மாணவியின் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகள், விண்ணப்பத்துக்குத் துணையான பிற விபரங்கள். இடப்பெயர்வு, குடும்ப நிலை, ஆய்வுகூட வசதிக் குறைவு, பாட ஆசிரியர் இல்லாமல் கழிந்த தவணைகள் ஆகிய அனைத்தும் இரண்டாம் பகுதிக்கு உரியவை. மாணவி தன் வாயால் சொல்லும்போது கூச்சம் தரும் விடயம், பொறுப்புள்ள ஆசிரியர் ஒருவர் உறுதிப்படுத்தும்போது சான்றாகிறது. மாணவியின் 4000 எழுத்துக்களும் பாடத்துக்கென்று மிஞ்சுகின்றன.

ஆகவே மகள், உங்கள் ஆசிரியரிடம் வெறுங்கையுடன் போக வேண்டாம். நடந்தவற்றை ஆண்டுகளுடன் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பரிந்துரை எழுதும் பழக்கம் இல்லாத ஆசிரியர்கள் "நற்குணமும் ஒழுக்கமும் உள்ள மாணவி" என்ற நற்சான்றிதழ் வாக்கியத்துடன் நிறுத்திவிடுவார்கள். அது அவர்களுடைய குற்றம் அல்ல, நமது நாட்டில் அதுவே வழக்கம். மூன்று பகுதிகளிலும் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை அவருக்கு விளக்குங்கள்.


நல்லூர்த் தமிழாசிரியர் எழுதியது:

முப்பத்தொரு வருடம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பிரித்தானிய விண்ணப்பங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. தன்னைத் தானே புகழும் கூச்சத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பிள்ளை, இந்தக் கூச்சம் உங்களுடைய பலவீனம் அல்ல. அவையடக்கத்தோடு நூலைத் தொடங்கும் மரபில் வந்தவர்கள் நாம். ஆயினும் அந்த மரபு இந்த விடயத்தை முழுமையாகவே யோசித்திருக்கிறது. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் முதலில் பொது விதியைச் சொல்கிறார்: ஒருவர் எத்தனை துறைகளைக் கரைகண்டிருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது. அடுத்த சூத்திரத்திலேயே அதற்கு நான்கு விலக்குகளைத் தருகிறார். தன் ஆற்றலை அறியாதவர்களிடையே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது தன்னைப் புகழ்தல் தகும் என்கிறார். இவை மூன்றுக்கும் முன்னதாக அவர் வைப்பது, அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி விடுக்கும் சந்தர்ப்பத்தை. அறியாத அவைக்கு ஓலை எழுதித் தன்னை அறிமுகப்படுத்துவதுதானே நீங்கள் இப்போது செய்வது? நல்லூர் ஆறுமுக நாவலர் அந்த நூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர். அவர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், நன்னூலின் அனுமதியோடு நீங்கள் எழுதலாம்.

இன்னுமொன்று. நமது விஞ்ஞான மாணவர்களின் செய்முறைக் கொப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். "அளக்கப்பட்டது", "அவதானிக்கப்பட்டது", "முடிவு பெறப்பட்டது" என்று எல்லா வாக்கியமும் முடியும். செய்தவர் யார் என்பது எங்கும் தெரியாது. மேடையிலும் கடிதத்திலும் தனியே செய்த வேலையைக்கூட "நாங்கள் செய்தோம்" என்போம், அது பணிவு. இந்த இரண்டு பழக்கங்களையும் இந்த ஓர் ஓலைக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் அளந்ததை "நான் அளந்தேன்" என்று எழுதுவது புகழ்ச்சி ஆகாது, நடந்ததைச் சொல்வதாகும். புகழ்ச்சி எங்கே தொடங்குகிறது என்றால், "திறமையாக", "அர்ப்பணிப்புடன்", "விடாமுயற்சியுடன்" என்ற அடைகளைச் சேர்க்கும் இடத்தில். அடைகளை எடுத்துவிட்டு வினைகளை வைத்திருங்கள். உங்கள் கூச்சமும் போய்விடும், வாசிப்பவரும் நம்புவார்.

முதலில் தமிழிலேயே எழுதுங்கள் என்று சுன்னாகத்து அம்மையார் சொன்னது மிகச் சரி. ஆனால் தமிழ் வாக்கியத்தை வரிக்கு வரி ஆங்கிலமாக்க வேண்டாம். நமது வாக்கியம் காரணங்களை எல்லாம் அடுக்கி, வினையை இறுதியில் வைத்து முடிக்கும். ஆங்கில வாசகர் வினையை முன்னதாக எதிர்பார்ப்பார். தமிழில் எழுதியதை நாலைந்து தடவை வாசித்து, தாளை மூடி வைத்துவிட்டு, பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு வாயால் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். வாயில் வந்ததை எழுதி, பின்னர் இலக்கணம் திருத்துங்கள்.


மயிலிட்டி மாணவி எழுதியது:

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நன்னூல் சூத்திரத்தை இரண்டு தடவை எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். அக்காவின் கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணி விடுபட்டபோது எனக்குப் பதினொரு வயது. கிணற்றுக்குள் கல்லும் வேரும் முள்ளுக்கம்பியும் கிடந்தன. மாமாமார் நீர்ப்பம்பி வைத்து மூன்று நாட்கள் கலக்கி இறைத்தார்கள். மூன்றாம் நாள் அம்மப்பா ஒரு சிரட்டையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். 1990க்கு முன்னர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்களாம், இப்போது சவர். "கடல் உள்ளே வந்துவிட்டது" என்று அவர் சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன். பத்தாம் வகுப்பில், நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் நீர்க்காவுபடை பற்றி வாசித்தபோதுதான், 27 வருடமாக எவரும் இறைக்காத இடத்தில் கடல் ஏன் உள்ளே வர வேண்டும் என்ற யோசனை வந்தது. யாரும் இறைக்காவிட்டால் நல்ல தண்ணீர் கூடியிருக்க வேண்டுமே.

பெரியம்மா, தண்ணீரின் உவர்ப்பைக் காட்டும் ஒரு சிறிய மின்கடத்தாறு மானி வாங்கி அனுப்பினார். 2023 தையிலிருந்து 2024 ஆவணி வரை ஞாயிறு காலையில் அளந்தேன். எங்கள் கிணறு கடலுக்கு மிக அருகில் உள்ளது. இரண்டாவது, உள்ளே தள்ளியிருக்கும் வெங்காயத் தோட்டத்துக் கிணறு. மூன்றாவது, அதையும் தாண்டி இருக்கும் கோவிற் கிணறு. கடலிலிருந்து தூரம் கூடக்கூட உவர்ப்புக் குறையும் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை. தோட்டத்துக் கிணறுதான் கோடை மாதங்களில் எங்களுடையதை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காட்டியது. மானி பிழை என்று நினைத்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்று நியமிப்பு மூலம் உப்பில் உள்ள குளோரைட்டின் அளவைப் பார்த்தேன்; அதுவும் அதே வரிசையில்தான் வந்தது. பிறகு தோட்டக்கார ஐயாவிடம் எந்தெந்த நாளில் இறைத்தார் என்று கேட்டு அருகில் குறித்தேன். இறைத்த மறுநாள் எண் கூடியது, மழைக்குப் பின் குறைந்தது. அப்போதுதான் எங்கள் கிணறு 2017இல் சவராக இருந்ததற்கு மூன்று நாள் இடைவிடாமல் இறைத்ததே காரணமாக இருக்கலாம் என்று தோன்றியது. உறுதியாகத் தெரியாது, 2017இல் யாரும் அளக்கவில்லை.

முதலாம் கேள்வியின் தொடக்கத்தை இப்படி முயன்றேன்: "விலைமதிப்பற்ற வளமான நீரைப் பாதுகாக்க வேண்டும் என்ற உந்துதல், போரினால் பாதிக்கப்பட்ட எனது கிராமத்தில் கைவிடப்பட்ட கிணறு ஒன்றைக் கண்ட நாளில் என்னுள் உதித்தது. 27 ஆண்டுகள் எவரும் இறைக்காத எங்கள் கிணற்றின் நீர் சவராக இருந்தது. கடல் உள்ளே வந்ததே காரணம் என்று என் தாத்தா சொன்னார். இறைக்காத நிலத்துக்குள் கடல் ஏன் வர வேண்டும் என்று நான் கேட்டேன்."


சுன்னாகத்து வாசகி எழுதியது:

தங்கச்சி, முதல் வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். "27 ஆண்டுகள்" என்பதிலிருந்து தொடங்குங்கள். ஏன் 27 ஆண்டுகள் எவரும் இறைக்கவில்லை என்பதற்கு, போரினால் மக்கள் இடம்பெயர்ந்திருந்தார்கள் என்ற அரை வரி போதும். உங்கள் அம்மாவின் இடப்பெயர்வு இங்கே ஒரு விஞ்ஞானக் கேள்வியின் பகுதியாகவே வந்துவிடுகிறது. அதை நீங்கள் இரவல் வாங்கவில்லை, மறைக்கவும் இல்லை. இடம்பெயர்ந்த தாயாரும் இதை ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கண்டதற்குப் பெயர் இருக்கிறது. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் தொடர்பின்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். ஓரிடத்தில் வேகமாக இறைத்து மேல்மட்டத்தைச் சிறிது இறக்கினாலும், அடியில் உள்ள உப்பு நீர் பன்மடங்கு மேலெழுந்து கூம்பு போலக் கிணற்றை நோக்கி வரும். ஆனால் அந்தத் தொடர்பு, நீர் சீராக ஊடுருவும் மணல் போன்ற படையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. நமது சுண்ணக்கல்லோ வெடிப்பும் குகையும் நிறைந்தது. அப்படியானால் அது இங்கே எவ்வளவு தூரம் பொருந்தும்? இந்தக் கேள்விக்கு நீங்கள் விடை சொல்லத் தேவையில்லை. நீங்களே வாசித்து, உங்களுக்கு விளங்கிய அளவுக்கு அதைக் கேள்வியாக எழுதினால், பட்டப்படிப்பை ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது. விளங்காமல் என் சொற்களைப் பெயர்த்து வைக்க வேண்டாம்.

பங்கீட்டைப் பற்றி என் கருத்து: முதலாம் கேள்விக்குக் கிணறும் அது எழுப்பிய கேள்வியும். இரண்டாம் கேள்விக்கு அந்த நியமிப்பு. வகுப்பில் கற்றதை மானியைச் சோதிக்கப் பயன்படுத்தினீர்கள், அதை ஏ சித்தியுடன் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாவதில் பெரும்பாலான பிள்ளைகள் சாரணர், விளையாட்டு என்று பட்டியல் போடுவார்கள். நீங்கள் தோட்டக்கார ஐயாவிடம் போய் இறைத்த நாட்களைக் கேட்டதை எழுதுங்கள். களத்தில் வேலை செய்பவருக்கு மானியைப் போலவே மனிதர்களிடம் கேட்கத் தெரிவதும் தேவை. 2017இல் யாரும் அளக்கவில்லை, ஆகவே உறுதியாகத் தெரியாது என்று எழுதினீர்களே, அந்த வரியைக் கட்டாயம் வைத்திருங்கள். எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்தது அந்த வரியில்தான்.

அளப்பது 2024 ஆவணியில் நின்றுவிட்டது என்கிறீர்கள். பரீட்சை முடிந்து ஏறத்தாழ ஒரு வருடம் ஆகிறது. ஏன் மீண்டும் தொடங்கவில்லை என்று நான் நேர்முகத்தில் கேட்பேன்.


கொக்குவில் இளைஞன் எழுதியது:

முகவர் தந்த மாதிரியை இன்னும் வைத்திருந்தால், தயவுசெய்து அதைப் பாவிக்க வேண்டாம். நான் இரண்டு வருடங்களுக்கு முன்னர் வேறொரு முகவர் ஊடாக வணிக முகாமைத்துவத்துக்கு விண்ணப்பித்தேன். கட்டுரையை அவர்களே எழுதி அனுப்பினார்கள். நான் அதை வாசித்தும் பார்க்கவில்லை. அனுமதிக் கடிதம் வந்தது, வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். விசாவுக்குத் தேவையான உறுதிப்பத்திரத்தைத் தருவதற்கு முன்னர் பல்கலைக்கழகம் காணொளி மூலம் ஒரு நேர்முகம் வைத்தது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தபோது என்ன கற்றீர்கள் என்று கேட்டார்கள். நான் எந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் போனதில்லை. அது என் கட்டுரையில் எழுதப்பட்டிருந்தது என்பதே எனக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது. தடுமாறினேன், பொய்யும் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரம் நிராகரித்து மின்னஞ்சல் வந்தது. அப்பா தோட்டக் காணியை அடகு வைத்துக் கட்டிய முற்பணத்தைத் திரும்பப் பெற ஏழு மாதங்கள் ஆயின.

குற்றத்தில் என் பங்கும் உண்டு. என் பெயரில் போகும் எழுத்தை நான் வாசித்திருக்க வேண்டும். தங்கச்சி எழுதியிருக்கும் கிணற்றுக் கதையை யார் எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் உங்களால் சொல்ல முடியும். அந்தப் பாதுகாப்பு பெரிது. சனவரி முடிவுத் திகதியையும் கவனித்துக்கொள்ளுங்கள்: 2026 சனவரி 14, பிரித்தானிய நேரம் மாலை 6 மணி, அதாவது இலங்கை நேரம் இரவு 11.30. ஆசிரியரின் பரிந்துரையும் அதற்கு முன்னர் ஏறியிருக்க வேண்டும். பாடசாலை விடுமுறைக்கு முன்னரே அவரைப் பிடித்துவிடுங்கள்.


மயிலிட்டி மாணவி எழுதியது:

அண்ணா, மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு இரசாயனவியல் ஆசிரியையிடம் ஒரு பக்கக் குறிப்புடன் போகிறேன். இடப்பெயர்வு விபரங்களை அம்மாவிடம் கேட்டு ஆண்டு வாரியாக எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஏன் மீண்டும் தொடங்கவில்லை என்று கேட்டதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. பரீட்சைக்குப் பிறகு அதற்கு யாரும் புள்ளி தரப்போவதில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். நேற்று மானிக்குப் புதிய பற்றரி போட்டேன். மழை தொடங்கிவிட்டது; தோட்டக்கார ஐயா இன்னும் இறைக்கத் தொடங்கவில்லை. வருகிற ஞாயிறு காலை மூன்று கிணறுகளையும் அளந்து, கொப்பியில் விட்ட பக்கத்திலிருந்து தொடர்கிறேன்.